ஏப்ரல் ஆட்டமும் ஆட்டம்தான்

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் சீசன் மார்ச் கடைசியில் தொடங்கி செப்டம்பர் கடைசி வரை ஓடும். அணிக்கு 162 ஆட்டங்கள். கிட்டத்தட்ட தினமும் ஒன்று. தொடங்கிப் பத்து நாள் ஆவதற்குள் அங்கே எல்லோர் வாயிலும் ஒரே பேச்சுதான்: "இப்போதுதானே ஆரம்பம், இன்னும் எவ்வளவோ நாள் கிடக்கிறது." வரிசையாக ஐந்து ஆட்டம் தோற்ற அணியின் மேனேஜர் (பேஸ்பாலில் தலைமைப் பயிற்சியாளரை அப்படித்தான் அழைப்பார்கள்) பத்திரிகையாளர்களிடம் இதைச் சொல்வார். ஏழு ஆட்டம் தொடர்ந்து ஜெயித்த அணியின் ரசிகர் துள்ளினால், எதிரணி ரசிகர் இதையே சொல்லி அவரை உட்காரவைப்பார். டிவி வர்ணனையாளர் தலையாட்டுவார். புள்ளிவிவரம் படித்தவர்கள் இதற்கு ஒரு படிப்பாளிச் சாயம் பூசி, "சாம்பிள் போதாது" என்பார்கள்.

இவ்வளவு பேர் ஒருமித்துச் சொல்லும் ஒன்று முழுப் பொய்யாக இருக்காது. நீண்ட சீசனில் முதல் மாதத்தை வைத்துக்கொண்டு யார் சாம்பியன் என்று தீர்ப்பு எழுத முடியாது என்பது சரி. சிக்கல் என்னவென்றால், இந்த ஒரு நியாயமான எச்சரிக்கைக்குள் இரண்டு தவறான முடிவுகளும் ஒளிந்துகொண்டு வருகின்றன. ஏப்ரல் வெற்றி தோல்விகள் கடைசியில் கரைந்துபோய்விடும் என்பது ஒன்று. ஏப்ரலில் பார்ப்பது எதையும் நம்பக்கூடாது என்பது இன்னொன்று. இரண்டும் பதிவேட்டின் முன் நிற்காதவை.

முதலில் பட்டியல் கணக்கு. 1982-இல் அட்லான்டா பிரேவ்ஸ் முதல் 13 ஆட்டங்களையும் ஜெயித்தது. அன்றைய தேதியில் அது நவீன காலச் சாதனை. அதே அணி ஆகஸ்ட் வாக்கில் 21 ஆட்டங்களில் 19-ஐத் தோற்றது. பார்த்தீர்களா, ஏப்ரல் ஆட்டமெல்லாம் மாயை என்று சொல்ல அதைவிட வாகான அணி கிடைக்காது. ஆனால் அக்டோபர் 3-ஆம் தேதி, சீசனின் கடைசி நாள், நடந்தது வேறு. அட்லான்டா சான்டியாகோவில் தோற்றது. தோற்றுவிட்டு, லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணிக்கும் சான்பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணிக்கும் நடந்த ஆட்டத்தின் முடிவுக்காகக் காத்திருந்தது. ஜயன்ட்ஸின் ஜோ மார்கன் அடித்த ஹோம் ரன்னில் (பந்தை எல்லைக்கு அப்பால் பறக்கவிடும் அடி) டாட்ஜர்ஸ் தோற்றது. அட்லான்டா 89 வெற்றி, டாட்ஜர்ஸ் 88. ஒரே ஒரு ஆட்ட வித்தியாசத்தில் அட்லான்டா தன் டிவிஷன் (லீக்கின் உட்பிரிவு) பட்டத்தைப் பிடித்தது.

அந்த 13 ஆட்டங்களைக் கழித்துப் பாருங்கள். மிச்சம் 76 வெற்றி, 73 தோல்வி. ஐந்தரை மாதம் சுமாராக ஆடிய அணி அது. பட்டத்தை வாங்கித் தந்தது ஏப்ரலின் இரண்டு வாரங்கள்தான்.

இதற்கு நேர் எதிரான பாடம் 2011-இல் கிடைத்தது. பாஸ்டன் ரெட் சாக்ஸ் அந்த ஆண்டு செப்டம்பரில் கண்ட வீழ்ச்சியை அமெரிக்கா இன்னும் பேசுகிறது. ஒரே மாதத்தில் 7 வெற்றி, 20 தோல்வி. கடைசி நாள் இரவு பால்டிமோரில் ஒன்பதாவது இன்னிங்ஸில் முன்னிலையைப் பறிகொடுத்தார்கள். சில நிமிடங்களில் டாம்பா பே ரேஸ் அணியின் எவன் லாங்கோரியா 12-ஆவது இன்னிங்ஸில் ஹோம் ரன் அடித்தார். டாம்பா 91, பாஸ்டன் 90. பாஸ்டன் வெளியே. அந்த இரவைப் பற்றிய கட்டுரைகளுக்குக் குறைவே இல்லை. ஆனால் அதே பாஸ்டன் சீசனின் முதல் ஆறு ஆட்டங்களையும் தோற்று, 12 ஆட்டம் முடிந்தபோது 2-10 என்று நின்றதைச் சொல்பவர்கள் அரிது. செப்டம்பரில் தோற்ற 20-இல் ஒன்று எவ்வளவு கனமோ, ஏப்ரலில் தோற்ற பத்தில் ஒன்றும் அதே கனம். இரண்டில் எது ஒன்று மாறியிருந்தாலும் பாஸ்டன் அன்றிரவே வெளியேறியிருக்காது. ஒன்றுக்குத் தொலைக்காட்சியில் ஆண்டு நினைவு கொண்டாடுகிறார்கள், மற்றது "ஆரம்பம்தானே" என்று மன்னிக்கப்பட்டுவிட்டது.

டாம்பாவும் அந்த ஆண்டு முதல் ஆறு ஆட்டங்களைத் தோற்ற அணிதான் என்று ஒருவர் குறுக்கிடலாம். உண்மை. ஆனால் அவர்கள் அந்தக் கடனை ஏப்ரல் முடிவதற்குள்ளேயே அடைத்து, தோல்விகளைவிட வெற்றிகள் கூடுதலாக மே மாதத்துக்குள் நுழைந்தார்கள். இன்னும் நாள் கிடக்கிறது என்று ஆற அமர இருந்திருந்தால் அந்த 91 கிடைத்திருக்காது.

எதிர்த்தரப்பின் துருப்புச்சீட்டு எது என்பது பேஸ்பால் ரசிகர் எவருக்கும் தெரியும்: 2019-இன் வாஷிங்டன் நேஷனல்ஸ். மே 23 அன்று 19 வெற்றி, 31 தோல்வி. அக்டோபர் முடிவில் இறுதித் தொடரான வேர்ல்டு சீரிஸ் கோப்பை. அன்றிலிருந்து மோசமாகத் தொடங்கும் ஒவ்வொரு அணியும் நேஷனல்ஸ் பெயரைச் சொல்லித்தான் மனதைத் தேற்றிக்கொள்கிறது.

அந்த 19-31-க்கு நேஷனல்ஸ் கொடுத்த விலையை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. மீதி 112 ஆட்டங்களில் அவர்கள் 74-ஐ ஜெயிக்க வேண்டியிருந்தது. முழு சீசனுக்கு விரித்தால் 107 வெற்றி வேகம் அது. அப்படி ஆடியும் மொத்தம் 93-தான் தேறியது. அட்லான்டா 97 எடுத்து டிவிஷனைக் கொண்டுபோனது. டிவிஷன் கைநழுவியதால் நேஷனல்ஸ், தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டிய ஒற்றை ஆட்டத்துக்குத் தள்ளப்பட்டது. அக்டோபர் 1, மில்வாக்கி புருவர்ஸ் எதிரணி. எட்டாவது இன்னிங்ஸில் 3-1 என்று பின்தங்கி, இரண்டு பேர் அவுட். பந்து வீசியவர் அந்தக் காலத்தில் அடிக்கவே முடியாதவர் என்று பெயரெடுத்த ஜோஷ் ஹேடர். ஹுவான் சோட்டோ வலப்பக்கம் அடித்த பந்தை டிரென்ட் கிரிஷம் என்ற இளம் பீல்டர் கையில் வாங்காமல் நழுவவிட்டார். பேஸ்களில் நின்ற மூவரும் ஓடி வந்துவிட்டார்கள். 4-3.

ஒரு பந்து நேராகக் கையுறைக்குள் போயிருந்தால் அந்தப் புகழ்பெற்ற மீட்சிக் கதையே இல்லை. மோசமான தொடக்கம் பரவாயில்லை என்பதற்கு இதையா சாட்சியாகக் கொண்டுவருவது? மோசமான தொடக்கம் ஒரு நல்ல அணியை எந்த விளிம்புக்குத் தள்ளும் என்பதற்கல்லவா இது சாட்சி! 1998-இன் நியூயார்க் யாங்கீஸ் முதல் ஐந்தில் நான்கைத் தோற்று, பிறகு 114 ஜெயித்ததையும் சொல்வார்கள். நூறாண்டு வரலாற்றில் விரல்விட்டு எண்ணக்கூடிய மகத்தான அணிகளில் ஒன்று அது. அதற்கு நான்கு தோல்வி தாங்கும். அதை மற்ற 29 அணிகளுக்கும் ஆறுதலாக வழங்குவது மருந்தை ஆள் பார்க்காமல் கொடுப்பது.

1987-ஐ எடுத்துக்கொள்வோம். எதிர்த்தரப்புக்கு அந்த ஆண்டு கையில் இரண்டு ஆயுதம். மில்வாக்கி 13-0 என்று தொடங்கியது. நடுவில் ஹுவான் நியெவெஸ் எதிரணிக்கு ஒரு ஹிட்கூட விடாத ஆட்டம் ஒன்றையும் வீசினார். மே மாதத்தில் அதே அணி 12 ஆட்டங்களை வரிசையாகத் தோற்று, கடைசியில் மூன்றாம் இடம். அதே டிவிஷனில் டெட்ராய்ட் டைகர்ஸ் 11-19 என்று தட்டுத்தடுமாறித் தொடங்கி, 98 வெற்றியோடு பட்டம் வாங்கியது. சரி, ஏப்ரல் எல்லாவற்றையும் தீர்மானித்துவிடும் என்று யார் சொன்னது? மில்வாக்கி எடுத்த 91-இல் அந்த 13-ஐ நீக்கினால் 78-71. நல்ல தொடக்கம் அவர்களை ஏமாற்றவில்லை; நடுத்தர அணி ஒன்றை 90 வெற்றிக்கு மேலே தூக்கிவிட்டது. ஏப்ரல் முடிவைத் தீர்மானிக்கிறதா என்பது ஒரு கேள்வி. ஏப்ரல் கணக்கில் சேருமா என்பது வேறு கேள்வி. முதலாவதற்கு "இல்லை" என்ற பதிலை வைத்துக்கொண்டு இரண்டாவதையும் தள்ளுபடி செய்வதுதான் இந்த வாதத்தின் கைத்திறமை.

சாம்பிள் பேசுகிறவர்களுக்கு அவர்கள் பாஷையிலேயே பதில் சொல்லலாம். பாதிக்குப் பாதி ஜெயிக்கக்கூடிய ஒரு சாதாரண அணி, முதல் 30 ஆட்டங்களில் வெறும் தற்செயலால் 18-12 என்று நிற்பது சகஜம். கொஞ்சம் கூடுதல் அதிர்ஷ்டம் இருந்தால் 20-10. இதைப் பார்த்ததும் அறிவாளி ரசிகர் சொல்வது: "பொறுங்கள், எல்லாம் சமனாகிவிடும்." எப்படிச் சமனாகும்? அந்த அணி உண்மையில் சாதாரண அணி என்றே வைத்துக்கொள்வோம். 20-10 என்று தொடங்கினால், மீதி 132 ஆட்டங்களில் அது 66-ஐ ஜெயிக்கும். மொத்தம் 86. 81 அல்ல. அதிர்ஷ்டத்தில் வந்த ஐந்து வெற்றியை யாரும் திருப்பிக் கேட்கப் போவதில்லை. சராசரிக்குத் திரும்புதல் என்று புள்ளியியல் சொல்வது இனி வரப்போவதைப் பற்றித்தான். வந்து சேர்ந்ததை அழிக்கும் அதிகாரம் அதற்குக் கிடையாது. தொடர்ந்து தலை விழுந்துவிட்டது, அடுத்து பூதான் விழும் என்று காசு சுண்டுபவன் நம்புகிற அதே பிழை இது. சட்டை மட்டும் மாறியிருக்கிறது.

81-க்கும் 86-க்கும் உள்ள தூரம் இன்று எவ்வளவு பெரிது தெரியுமா? 2022 முதல் பிளே ஆஃபுக்கு 12 அணிகள் போகின்றன. 2023-இல் அரிசோனா டைமண்ட்பேக்ஸ் 84 வெற்றியோடு உள்ளே நுழைந்து வேர்ல்டு சீரிஸ் வரை சென்றது. 83 எடுத்த சிகாகோ கப்ஸ் வீட்டில் உட்கார்ந்து பார்த்தது. 2025-இல் நியூயார்க் மெட்ஸ் ஜூன் 12 அன்று 45-24 என்று லீக்கிலேயே முதலிடத்தில் இருந்தது. பிறகு 38-55 என்று சரிந்து 83-இல் நின்றது. தொடக்கம் ஏமாற்றும் என்பதற்கு இதையும் காட்டுவார்கள். அந்தத் தொடக்கம் இல்லாதிருந்தால் அந்த அணி ஆகஸ்டிலேயே ஆட்டத்தைவிட்டுப் போயிருக்கும். கடைசி நாள் வரை வாசலில் நிற்கவைத்ததே அதுதான். சின்சினாட்டி ரெட்ஸும் 83-தான். ஆனால் நேருக்கு நேர் மோதியதில் ரெட்ஸ் கை ஓங்கியிருந்ததால் இடம் ரெட்ஸுக்குப் போனது.

அந்த நேருக்கு நேர் விதிதான் தொடக்க ஆட்டங்களின் மதிப்பை இன்னும் ஏற்றிவிட்டது. முன்பெல்லாம் இரண்டு அணிகள் சமமாக முடித்தால் 163-ஆவது ஆட்டம் என்று ஒன்று வைத்துத் தீர்ப்பார்கள். 2022-இல் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது அந்த இரு அணிகளும் சீசனில் மோதிய ஆட்டங்களில் யார் அதிகம் ஜெயித்தார்கள் என்று பார்க்கிறார்கள். விதி வந்த முதல் ஆண்டே மெட்ஸும் பிரேவ்ஸும் ஆளுக்கு 101 வெற்றி. நேருக்கு நேர் 19 ஆட்டங்களில் பிரேவ்ஸ் 10, மெட்ஸ் 9. பிரேவ்ஸுக்கு டிவிஷன் பட்டமும் முதல் சுற்றில் ஓய்வும். மெட்ஸ் கூடுதல் சுற்று ஆடி, சான்டியாகோ பாட்ரெஸிடம் தோற்றது. கடைசி வார இறுதியில் அட்லான்டா மூன்று ஆட்டத்தையும் ஜெயித்ததுதான் எல்லோருக்கும் ஞாபகம். ஆனால் 10-9 என்ற கணக்கில் ஒவ்வொரு ஆட்டமும்தான் வித்தியாசம். அந்த 19-இன் முதல் சந்திப்பு மே மாதத் தொடக்கத்திலேயே முடிந்துவிட்டது. அன்றைக்கு மைதானத்தில் இருந்தவர்களில் எத்தனை பேர் "ஆரம்பம்தானே" என்று எழுந்து போயிருப்பார்கள்!

இனி இரண்டாவது முடிவு: ஏப்ரலில் பார்ப்பது எதையும் நம்பக்கூடாது என்பது.

இங்கே எதிர்த்தரப்புக்கு உதவும் பெயர்கள் ஏராளம். 1994 சீசனின் தொடக்க நாள், சிகாகோவின் ரிக்லி மைதானம். கப்ஸ் அணியின் டஃபி ரோட்ஸ், டுவைட் கூடன் பந்துவீச்சில் மூன்று ஹோம் ரன் அடித்தார். அந்த ஆண்டு முழுவதும் அவர் அடித்தது எட்டுதான். 2006-இல் டெட்ராய்டின் கிறிஸ் ஷெல்டன் முதல் 13 ஆட்டங்களில் ஒன்பது ஹோம் ரன் அடித்தார். ஆண்டு முடிவில் மொத்தம் 16. ஜூலை கடைசியில் அவரைக் கீழ்நிலையான மைனர் லீகுக்கே அனுப்பிவிட்டார்கள். ஏப்ரல் நாயகன் என்று கேலி பேச இந்த இருவர் பெயரும் இன்றைக்கும் பயன்படுகிறது.

கேலியை நிறுத்தி மிச்சக் கதையையும் கேட்க வேண்டும். ஷெல்டனின் ஹோம் ரன்கள் வற்றிப்போயின; அவற்றால் வந்த வெற்றிகள் டெட்ராய்டின் கணக்கிலேயே இருந்தன. மூன்று ஆண்டுக்கு முன் 119 ஆட்டம் தோற்ற அந்த அணி, அந்த ஆண்டு 95 ஜெயித்து வேர்ல்டு சீரிஸில் ஆடியது. ரோட்ஸ் ஜப்பானுக்குப் போனார். அங்கே 464 ஹோம் ரன் அடித்தார்; 2001-இல் ஒரே சீசனில் 55 அடித்து சடஹாரு ஓவின் சாதனையைச் சமன் செய்தார். தொடக்க நாளில் ரிக்லியில் தெரிந்த பலம் பொய்யில்லை.

கேலிக்கு ஆளான இரண்டு பேரைச் சொல்பவர்கள், ஏப்ரல் சொன்னதை மெய்யாக்கியவர்களை ஏன் விட்டுவிடுகிறார்கள்? மே பிறப்பதற்குள் 14 ஹோம் ரன் என்பது ஒரு சாதனை எண். 2006-இல் ஆல்பர்ட் புஹோல்ஸ், 2007-இல் அலெக்ஸ் ரோட்ரிகஸ், 2019-இல் கோடி பெலிஞ்சரும் கிறிஸ்டியன் எலிச்சும் அதைத் தொட்டார்கள். ரோட்ரிகஸ் அந்த ஆண்டு 54 ஹோம் ரன்னோடு மிக மதிப்புமிக்க வீரர் விருது வாங்கினார். பெலிஞ்சர் 47 அடித்து அதே விருது. புஹோல்ஸ் 49 அடித்து வாக்கெடுப்பில் இரண்டாம் இடம். எலிச் 44 அடித்து இரண்டாம் இடம். நால்வரில் ஒருவரைக்கூட ஏப்ரல் பொய் சொல்லிக் காட்டவில்லை.

எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பதற்கு ஓர் ஆய்வே இருக்கிறது. ரஸ்ஸல் கார்ல்டன் என்பவர் செய்தது. பேஸ்பால் புள்ளிவிவரம் படிப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. ஒரு பேட்டர் எத்தனை முறை அடிக்க வந்தபின், அவரது எண்கள் பாதிக்குப் பாதியாவது திறமையைக் காட்டத் தொடங்கும் என்று அவர் கணக்கிட்டார். ஸ்டிரைக் அவுட் (மூன்று ஸ்டிரைக்கில் ஆட்டமிழப்பது) விகிதத்துக்கு சுமார் 60 முறை போதும். வாக் (எல்லைக்கு வெளியே போகும் நான்கு பந்துகளைத் தொடாமல் விட்டு முதல் பேஸுக்குப் போவது) எடுக்கும் விகிதத்துக்கு 120. ஹோம் ரன் விகிதத்துக்கு 170. பேட்டிங் சராசரிக்கோ சுமார் 910. அதாவது ஒரு முழு சீசனும் போதாது. பந்து வீசுபவர்களுக்கு ஸ்டிரைக் அவுட் விகிதம் 70 பேட்டர்களிலேயே தெரிந்துவிடும்.

வழக்கமாக ஆடும் ஒரு பேட்டர் ஏப்ரலில் நூறு முறைக்கு மேல் அடிக்க வருவார். ஆக, மாதத்தின் நடுவிலேயே ஒரு விஷயம் நம்பத்தகுந்ததாகிவிடுகிறது, மாத முடிவில் இன்னொன்று. சாம்பிள் போதாது என்று ஓதுபவர்கள் தங்கள் வேதத்தையே முழுதாகப் படிக்கவில்லை. கொஞ்சமும் போதாதது பேட்டிங் சராசரிக்குத்தான். ஏப்ரலில் ரசிகர்கள் கூச்சலிடுவதும் அந்த ஒரே எண்ணைப் பார்த்துத்தான்.

2024 ஏப்ரல் முடிவில் யாங்கீஸ் அணியின் ஆரன் ஜட்ஜ் .207 என்ற சராசரியில் இருந்தார். நூறு முறைக்கு 21 ஹிட் என்று வைத்துக்கொள்ளலாம். சொந்த மைதானத்திலேயே ரசிகர்கள் கூச்சல் போட்டார்கள். ஆனால் அதே நாளில் அவர் பேஸை எட்டிய விகிதம் .340. மோசமான பந்தைத் தொடாமல் விட்டு, வாக் வாங்கும் கண் அவரிடம் அப்படியே இருந்தது. சீசன் முடிவில் .322, 58 ஹோம் ரன், மிக மதிப்புமிக்க வீரர் விருது. 2022-இல் சியாட்டில் மரினர்ஸின் புதுமுகம் ஹூலியோ ரோட்ரிகஸ் ஏப்ரல் முழுக்க ஒரு ஹோம் ரன்கூட அடிக்கவில்லை, சராசரி .206. ஆட்டத்தைக் கவனித்துப் பார்த்தவர்களுக்கு வேறொன்று தெரிந்தது. எல்லைக்கு வெளியே போன பந்துகளுக்கும் நடுவர்கள் ஸ்டிரைக் சொல்லி அவரைப் பலமுறை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பையனின் கணிப்பில் பிசகில்லை. அந்த ஆண்டு அவர் 28 ஹோம் ரன் அடித்துச் சிறந்த புதுமுக வீரரானார். மரினர்ஸ் 2001-க்குப் பிறகு முதல்முறையாக பிளே ஆஃப் போனது. இந்த இருவர் விஷயத்திலும் ஏப்ரல் உண்மையைத்தான் சொன்னது. சராசரியை மட்டும் பார்த்தவர்கள் காதில் விழவில்லை.

பந்து வீசுபவர்கள் விஷயத்தில் "ஆரம்பம்தானே" என்பது வெறும் அசட்டை அல்ல, ஆபத்து. ராய் ஹாலடே தன் தலைமுறையின் தலைசிறந்த பிட்சர்களில் ஒருவர். 2013 ஏப்ரல் 3, பிலடெல்பியா அணிக்காக அட்லான்டாவில் வீசினார். பத்துப் பேரை அவுட் ஆக்குவதற்குள் 95 பந்து செலவானது. அந்தப் பத்தில் ஒன்பது ஸ்டிரைக் அவுட் என்பதால் சிலர் நிம்மதி அடைந்தார்கள். அடுத்த ஆட்டத்தில் நான்கு இன்னிங்ஸில் ஏழு ரன். இரண்டு ஆட்டம் முடிந்தபோது ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்ட ரன் சராசரி 14.73. வேகப்பந்து முன்புபோல் 90 மைலைத் தாண்டி வரவில்லை என்பது வசந்தகாலப் பயிற்சி ஆட்டங்களிலிருந்தே தெரிந்த விஷயம். ஏப்ரல் 14 அன்று மயாமியில் எட்டு இன்னிங்ஸ் வீசி ஒரே ரன் கொடுத்து தன் 200-ஆவது வெற்றியைப் பெற்றார். கவலைப்பட்டவர்கள் வாயடைத்துப் போனார்கள். மே மாதத்தில் அவருக்குத் தோளில் அறுவை சிகிச்சை. டிசம்பரில் ஓய்வை அறிவித்தார். ஒரு நல்ல ஆட்டம் பொய் சொன்னது. குறைந்துபோன வேகம் உண்மையைச் சொன்னது.

வேகம் என்பது பல நூறு ஆட்டம் பார்த்துச் சராசரி எடுக்க வேண்டிய சமாச்சாரம் இல்லை. ஒவ்வொரு பந்தும் ஓர் அளவீடு. 2015 முதல் எல்லா மைதானங்களிலும் ஒவ்வொரு பந்தின் வேகத்தையும் சுழற்சியையும் கருவிகள் குறித்துவைக்கின்றன. ஏப்ரல் குளிரில் வேகம் சற்றுக் குறையும், வடக்கு நகரங்களில் அடித்த பந்தும் தூரம் போகாது என்பதைக் கழித்துக்கொண்டு பார்த்தால், இரண்டு மூன்று ஆட்டத்திலேயே ஒரு பிட்சரின் கை சொல்வது தெரிந்துவிடும்.

2023-இல் டாம்பா பே ரேஸ் 13-0 என்று தொடங்கி அட்லான்டா, மில்வாக்கி சாதனையைத் தொட்டது. எதிர்த்து ஆடியவை பெரும்பாலும் சோப்ளாங்கி அணிகள் என்று சிலர் முகம் சுளித்தார்கள். ரேஸ் 99 ஜெயித்து முடித்தது. சோப்ளாங்கி என்ற பேச்சு அதோடு தீர்ந்தது. ஆனாலும் பால்டிமோர் 101 எடுத்து டிவிஷனைப் பிடித்தது. ஏன் இரண்டு குறைந்தது என்று தேடுபவர்கள் அந்த 13-ஆவது வெற்றி நாளுக்கே போகலாம். ஏப்ரல் 13, ரேஸின் ஜெஃப்ரி ஸ்பிரிங்ஸ் நான்காவது இன்னிங்ஸில் முழங்கை வலியோடு வெளியேறினார். பிறகு தசைநார் அறுவை சிகிச்சை; அந்த ஆண்டு அவர் திரும்பவே இல்லை. கொண்டாட்டத்துக்கான செய்தியும் கவலைக்கான செய்தியும் ஏப்ரலின் ஒரே மாலையில், ஒரே மைதானத்தில் வந்தன.

மோசமான அணிகள் விஷயத்தில் ஏப்ரல் இன்னும் பட்டவர்த்தனம். 1988-இல் பால்டிமோர் 0-6 ஆனதும் மேனேஜர் கால் ரிப்கன் சீனியரை நீக்கியது. தோல்விகள் 0-21 வரை நீண்டன. முடிவு 107 தோல்வி. 2018-இல் சின்சினாட்டி 3-15. முடிவு 95 தோல்வி. 2022-இல் அதே சின்சினாட்டி 3-22. முடிவு சரியாக 100. 2024-இல் சிகாகோ ஒயிட் சாக்ஸும் 3-22. முடிவு 121 தோல்வி, நவீன காலத்திலேயே அதிகம். இந்த அணிகளின் ரசிகர்களிடம் ஏப்ரலில் "பொறுமை" என்று சொன்னவர்கள், ஜூலையில் என்ன சொன்னார்களோ.

ஏப்ரலுக்கு மதிப்பில்லை என்று நம்பாத ஒரு கூட்டமும் உண்டு: அணி நிர்வாகங்கள். 2015-இல் கப்ஸின் கிரிஸ் பிரையன்ட் பயிற்சி ஆட்டங்களில் ஒன்பது ஹோம் ரன் அடித்தும் மைனர் லீகில் உட்காரவைக்கப்பட்டார். பீல்டிங் தேற வேண்டும் என்று காரணம் சொன்னார்கள். ஒரு வீரர் 172 நாள் பெரிய அணியில் இருந்தால் ஒரு முழு ஆண்டு சேவையாகக் கணக்காகும். ஆறு ஆண்டு சேர்ந்தால் விரும்பிய அணிக்குப் போகலாம். பிரையன்ட் எட்டு ஆட்டம் முடிந்து, ஏப்ரல் 17 அன்று அழைக்கப்பட்டார். சீசன் முடிவில் அவர் கணக்கில் 171 நாள். ஒரே ஒரு நாள் குறைவில் கப்ஸ் அவரை இன்னோர் ஆண்டு கையில் வைத்துக்கொண்டது. அவர் தொடுத்த முறையீடு 2020-இல் தள்ளுபடியானது. அந்த 2015-இல் கப்ஸ் 97 வெற்றி, பிட்ஸ்பர்க் 98. அதனால் தோற்றால் வீட்டுக்குப் போகும் அந்த ஒற்றை வைல்டு கார்டு ஆட்டத்தை கப்ஸ் சொந்த ஊரில் ஆட முடியாமல் பிட்ஸ்பர்க் போய் ஆட வேண்டியிருந்தது. ஏப்ரலின் ஒவ்வொரு நாளையும் விரல்விட்டு எண்ணியவர்களும் ஒரு வெற்றியில் பின்தங்கினார்கள். ரசிகர் மட்டும் ஏன் எண்ணக்கூடாது?

162-இல் ஏப்ரல் முடியும்வரை நடக்கும் ஏறக்குறைய 30 ஆட்டம் என்பது ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. ஐ.பி.எல்.லின் 14 லீக் ஆட்டக் கணக்கில் பார்த்தால் இரண்டரை ஆட்டம். அந்த இரண்டரை ஆட்டம் நடக்காதது மாதிரி யாரும் புள்ளிப்பட்டியல் போடுவதில்லை.

அடுத்த சீசன் தொடங்கும்போது வாசகர்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை. பேட்டிங் சராசரியை ஜூலை வரை மறந்துவிடுங்கள். அபிமான பேட்டர் எத்தனை முறை ஸ்டிரைக் அவுட் ஆகிறார், எத்தனை வாக் எடுக்கிறார் என்று ஏப்ரல் பாதியிலிருந்து பாருங்கள். பிட்சரின் பந்து வேகத்தை அவருடைய போன ஆண்டு ஏப்ரலோடு ஒப்பிடுங்கள். சொந்த டிவிஷன் அணியோடு மோதும் முதல் தொடரின் முடிவைத் தனியாகக் குறித்துவையுங்கள். செப்டம்பரில் அது தேவைப்படலாம். யாராவது வந்து இன்னும் நாள் கிடக்கிறது என்றால், அவருடைய அணி எத்தனை ஆட்டம் பின்தங்கியிருக்கிறது என்று மட்டும் கேளுங்கள்.